நிலாவுல ஒரு ரூம், 16 கலர், அசையாத ஒரே படம்: விஷுவல் நாவலுக்கு படம் வரைஞ்ச அனுபவம்

ஒரு வழியா படம் வேலை செஞ்சிருச்சு. ரென்பைன்ற இலவச சாஃப்ட்வேர்ல தனியா ஒரு விஷுவல் நாவல் (படத்தைப் பாத்துக்கிட்டே கிளிக் பண்ணி படிக்கற கதை கேம்) செஞ்சுட்டு இருக்கேன், சயின்ஸ் ஃபிக்ஷன், நிலாவோட தென் துருவத்துல ஐஸ் தோண்டுற இடத்துல ஒரு ரேடியோ ரூம், அதுல நைட் ஷிஃப்ட் பாக்குற ஒரு டெக்னீஷியன் பொண்ணு. நைட்டுன்றது கடிகாரக் கணக்கு மட்டும்தான், வெளிய வெயில் அடிச்சுட்டே இருக்கும். எட்டு மணி நேரம், ஒரே ரூம், அவ்ளோதான் கதை. அந்த ரூமோட ஒரே படத்தை திரையில வச்சுக்கிட்டு அறுபது டெக்ஸ்ட் பாக்ஸ் ஓட்டணும், படிக்கிறவங்க கொட்டாவி விடக்கூடாது. பல மாசமா தொங்கிட்டு இருந்த இந்த வேலை இப்பதான் ஒரு ரூபத்துக்கு வந்திருக்கு, அளவெல்லாம் மறக்குறதுக்குள்ள எழுதி வச்சுடறேன்.

முதல்ல வரைஞ்சது ஃபுல் கலர் பெயிண்டிங். கிரிட்டான்ற வரையற சாஃப்ட்வேர்ல 1920க்கு 1080 பிக்சல், சுவர் முழுக்க ஒரு பெரிய ஜன்னல், ஜன்னல் நிறைய பிறை வடிவத்துல பூமி, சுத்தி நட்சத்திரம், உள்ள நீல நியான், தரையில சாயங்கால ஆரஞ்சு வெயில். தனியா பாத்தா பிரமாதமா இருந்துச்சு. கேமுக்குள்ள போட்டு சித்தி பையன் கிட்ட குடுத்தேன், "அண்ணே செம"ன்னான், அடுத்து டக்கு டக்குன்னு கிளிக் பண்ணி கீழ இருக்கற டெக்ஸ்ட்ட மட்டும் படிச்சுட்டு போயிட்டான். முடிச்சதும் மேஜை மேல என்னடா இருந்துச்சுன்னு கேட்டா முழிக்கிறான். மேஜைன்னு ஒண்ணு இருந்ததே அவனுக்கு ஞாபகம் இல்ல. வால்பேப்பரா வச்சுக்கலாம், உள்ள போய் உக்கார முடியாது, அந்த மாதிரி படம் அது.

அப்பதான் எனக்கு பிடிச்ச கேம்களை திரும்ப எடுத்து, கதைய விட்டுட்டு படத்த மட்டும் பாக்க ஆரம்பிச்சேன். ஸ்டெயின்ஸ்;கேட் 2009ல வந்தப்ப அதுல இருந்தது ஹூகேன்ற ஓவியர் வரைஞ்ச அசையாத படங்கள், சொரசொரப்பு, வெளிறின கலர். 2018ல அதே கதைய எலீட்னு பேர் வச்சு, டிவி அனிமே காட்சிகளை போட்டு திரும்ப விட்டாங்க. படம் அசையுது, நல்லா வரைஞ்சிருக்காங்க, ஆனா எனக்கு பழசுதான் பிடிக்குது. அனிமேல காட்சி அதோட வேகத்துல ஓடிரும். அசையாத படத்துல நம்ம கிளிக் பண்ற வரைக்கும் அது காத்துட்டு இருக்கும், ஒரு வரி படிச்சுட்டு மேல பாக்குறோம், இன்னொரு வரி படிச்சுட்டு திரும்ப பாக்குறோம், அதே படம்தான், ஆனா இப்ப படிச்ச வரியால அதுல வேற ஒண்ணு தெரியுது. 2016ல வெனிசுவேலா பசங்க ரெண்டு மூணு பேர் செஞ்ச விஏ-11 ஹால்-ஏ பாருங்க, பெரும்பாலும் ஒரே பார் கவுண்டர்தான், மணிக்கணக்கா அங்கயே உக்காந்திருப்போம், போரடிக்காது. 1988ல வந்த ஸ்நாட்சர்ல படத்தை "பார்", "ஆராய்"னு கமாண்டே இருக்கும், அதாவது படத்த உத்துப் பாக்குறதே அங்க விளையாட்டு. நான் வரைஞ்சது ஒரு பார்வைக்கான படம். எனக்கு வேண்டியது அறுபது பார்வைக்கான படம்.

சரி, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு பழைய பிசி-98 ஸ்டைலுக்கு போலாம்னு முடிவு பண்ணேன். ஜப்பான்ல என்இசி கம்பெனி 1982ல கொண்டு வந்த கம்ப்யூட்டர் வரிசை அது, 640க்கு 400 திரை, பின்னாடி வந்த மாடல்கள்ல 4096 கலர்ல இருந்து ஏதாவது 16ஐ எடுத்து ஒரே நேரத்துல காட்டலாம். ஜப்பான் மொழியோட சிக்கலான கான்ஜி எழுத்து படிக்கற மாதிரி தெரியணும்னா ஒரு எழுத்துக்கு 16க்கு 16 புள்ளி வேணும், அதுக்காகத்தான் அவ்ளோ நுணுக்கமான திரை, ஆனா கலர் கம்மி. முழுத்திரை படம் ஒண்ணு அமுக்காம வச்சா 1,28,000 பைட், 1.2 எம்பி ஃபிளாப்பில பத்து படம் கூட முழுசா ஏறாது. அனிமேஷன் எல்லாம் கனவு. அதனால ஒரு படத்தை போட்டா அது ரொம்ப நேரம் தாங்கணும், வரைஞ்சவங்களும் அப்படித்தான் வரைஞ்சாங்க, ஒவ்வொரு புள்ளியா. எனக்கு அந்தக் கட்டுப்பாடு ஒண்ணும் கிடையாது, ஆனா அது இல்லாம நான் நியான் நியானா அடிச்சுட்டுதான் இருப்பேன்னு தெரிஞ்சு போச்சு.

அளவுல மட்டும் 400 வரிய விட்டுட்டேன். 1080ஐ 400ஆல வகுத்தா 2.7, பிக்சல் எல்லாம் ஒண்ணு தடியா ஒண்ணு ஒல்லியா வரும். 640க்கு 360 வச்சா சரியா 3 மடங்கு, 1920க்கு 1080. அதுக்குள்ள படம் வர்ற ஃப்ரேம் 448க்கு 256, கீழ டெக்ஸ்ட், சுத்தி பார்டர். பிசி-98 கேம் நிறையாதுல படம் திரை முழுக்க வராது, இந்த மாதிரி ஒரு சட்டத்துக்குள்ளதான் இருக்கும், அதுவும் எனக்கு வசதி, வரைய வேண்டிய இடம் பாதிக்கும் கீழ குறைஞ்சிருச்சு. ரென்பைல நியரஸ்ட் நெய்பர்னு ஒரு செட்டிங் இருக்கு, பிக்சல மழுப்பாம கட்டமாவே பெருசாக்கும், அத ஆன் பண்ணி சின்ன படத்தை அப்படியே 3 மடங்கு பெருசாக்க சொல்லிட்டேன். ஏற்கனவே பெருசாக்கி வச்ச படத்தை போட்டா 720 திரையில அது மறுபடி சுருங்கும்போது குழம்பும், சின்ன படமா குடுத்தா அங்க சரியா 2 மடங்கு ஆகும். மாட்டுறது 1366க்கு 768 லேப்டாப்ல. ஊர்ல பாதி பேர் கிட்ட இன்னும் அதுதான் இருக்கு. 768ஐ 360ஆல வகுத்தா 2.13, கட்டம் கட்டமா புள்ளி வச்ச இடமெல்லாம் அலை அலையா ஒரு கோடு ஓடுது. இப்போதைக்கு அந்த திரை வந்தா ஃபுல் ஸ்கிரீன் போகாம 1280க்கு 720 ஜன்னல்ல ஓடற மாதிரி வச்சிருக்கேன், அழகில்ல, ஆனா படம் கெடல.

இனி வரையலாம்னு உக்காந்தா முதல் கேள்வி, ஜன்னல்ல பூமி எவ்ளோ பெருசு? முன்னாடி ஒரு அண்டா சைஸுக்கு போட்டிருந்தேன். கணக்கு போட்டு பாத்தேன். நிலாவுல இருந்து பூமி கிட்டத்தட்ட 1.9 டிகிரி, நமக்கு இங்க தெரியற நிலாவை விட நாலு மடங்குக்கு கொஞ்சம் கம்மி அகலம். என் படத்தோட பார்வைக் கோணம் 60 டிகிரின்னு வச்சா, 448 பிக்சல் அகலத்துல, படத்தோட நடுப்பக்கம் ஒரு டிகிரிக்கு ஏழு பிக்சல் கூட தேறாது. ஆக பூமி 13 பிக்சல். பதிமூணே பிக்சல்! முதல்ல சிரிப்புதான் வந்துச்சு, இத யாருக்கு தெரியப்போகுதுன்னு. கோணத்தை 30 ஆக்கி பெருசாக்கலாமான்னு பாத்தேன், அப்படி பண்ணா ரூம் தூரத்துல இருந்து டெலிஃபோட்டோ லென்ஸ்ல எடுத்த மாதிரி தட்டையாயிருது, உள்ள உக்காந்திருக்கற உணர்வே போயிருது. சரி 13ன்னா 13. ஜன்னலையும் சுவர் முழுக்க இல்லாம ரயில் பெட்டி ஜன்னல் அளவுக்கு சுருக்கிட்டேன்.

தென் துருவம்ன்றதால பூமி தொடுவானத்தை ஒட்டியே இருக்கும், மாசக் கணக்குல கொஞ்சம் மேல ஏறும் கொஞ்சம் கீழ இறங்கும், மத்தபடி எட்டு மணி நேர ஷிஃப்ட்ல அது நகர்றது கண்ணுக்கு தெரியாத அளவுதான். அசையாத படத்துக்கு இதைவிட தோதான இடம் கிடைக்குமா. அப்புறம் தென் துருவத்துல நின்னா தலை இருக்கற பக்கம் தெற்கு, அதனால பூமி தலைகீழா தெரியும், அண்டார்டிகா மேல. 13 பிக்சல்ல அது ஒரு வெள்ளைத் தீற்றல்தான், ஆனா மேல பக்கம் வச்சேன்.

நட்சத்திரத்தை எல்லாம் அழிச்சேன். அப்போலோ ஃபோட்டோ, நம்ம சந்திரயான்-3 2023 ஆகஸ்ட்ல இறங்கினப்ப வந்த ஃபோட்டோ எதை வேணா எடுத்து பாருங்க, வானம் கன்னங்கரேல்னு இருக்கும், வெயில் பட்ட தரைக்கு ஏத்த மாதிரி கேமரா வச்சா நட்சத்திரம் பதியாது, கண்ணுக்கும் அதே கதிதான். பிறைய அழிச்சேன், ஏன்னா ரூமுக்குள்ள வெயில் நமக்கு பின்னாடி இருந்து வருது, சூரியன் பின்னாடி இருந்தா எதிர்ல இருக்கற பூமி கிட்டத்தட்ட முழு வட்டமாத்தான் இருக்கணும். ஆரஞ்சு வெயிலயும் அழிச்சேன். துருவத்துல சூரியன் எப்பவுமே தொடுவானத்துலதான், சாயங்காலம் மாதிரி நீள நீளமா நிழல் விழும், ஆனா காத்து இல்லாததால மஞ்சள் ஆகாது, வெள்ளை வெளேர்னு அடிக்கும். நம்ம ஊர் சாயங்கால நிழல், உச்சி வெயில் கலர், ரெண்டும் ஒண்ணா. இத வரைஞ்சதும் படத்துல ஏதோ ஒண்ணு சரியில்லன்னு கண்ணுக்கு தோணுது, என்னன்னு சொல்ல வராது. சயின்ஸ் ஃபிக்ஷன் படத்துக்கு இந்த உறுத்தல் போதும், நியான் தேவையில்ல.

வெளிச்சம் எங்க விழும்னு மனசுல கற்பனை பண்ணி வரைஞ்சது எல்லாமே தப்பா வந்துச்சு. பிளெண்டர்ன்ற 3டி சாஃப்ட்வேர்ல செய்யலாம், எனக்கு அது ஓரளவுக்குதான் வரும், லேப்டாப்பும் கதறும். அதனால ஷூ பெட்டி. 1க்கு 10 அளவு, ரூம் ஆழம் 3 மீட்டர்னா பெட்டில 30 செமீ. உள்ள சாம்பல் சார்ட் பேப்பர், தெர்மாகோல் துண்டுல மேஜை, தீப்பெட்டி ரெண்டு அடுக்கி ரேடியோ ரேக், ஸ்ட்ராவை வெட்டி பைப். சூரியனுக்கு ஃபோன் டார்ச். பெட்டிக்கு பக்கத்துல டார்ச்ச பிடிச்சா நிழல் விசிறி மாதிரி விரியும், அது சூரிய நிழல் இல்ல, ஹால்ல ஒரு மூலைல பெட்டிய வச்சு எதிர் மூலைல, ஒரு நாலு மீட்டர் தள்ளி, ஸ்டூல் மேல டார்ச்ச வச்சப்பதான் கோடுகள் நேரா வந்துச்சு. எல்லா லைட்டையும் அணைச்சுட்டு இன்னொரு ஃபோன்ல பெட்டி வாய்க்குள்ள இருந்து ஃபோட்டோ எடுத்தேன். நமக்கு பின்னாடி ஒரு பக்கமா இருந்து வர்ற வெயில் எதிர்ச்சுவர்ல ஒரு சாய்ஞ்ச நாலுமூலைக் கட்டமா விழுது, பாதி ரேக்குல ஏறி மடங்குது. மடங்குற இடம் நான் நினைச்சதுக்கு, நிஜ ரூம் கணக்குல, ஒரு சாண் தள்ளி இருந்துச்சு. இந்த ஒரு ஃபோட்டோ மிச்சப்படுத்துன நேரம் கொஞ்ச நஞ்சமில்ல.

கலருக்கு வர்றேன், அதிக நேரம் தின்னது இதுதான். 4096ன்னா சிவப்பு பச்சை நீலம் ஒவ்வொண்ணுக்கும் 16 படி, அதாவது இப்ப உள்ள கணக்குல 0, 17, 34ன்னு 17ஓட மடங்கா 255 வரைக்கும். அந்தப் படிகள்ல மட்டும்தான் நிக்கலாம்னு எனக்கு நானே கட்டு போட்டுக்கிட்டேன். பிரிச்சது இப்படி: கருப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, சுவருக்கும் இரும்புக்கும் நீலச் சாம்பல் அஞ்சு, மேஜை விளக்குக்கும் அது பட்ட இடத்துக்கும் ஆரஞ்சுல இருந்து பழுப்பு வரை நாலு, தோலுக்கு ரெண்டு, மானிட்டருக்கு பச்சை ரெண்டு, சிவப்பு ஒண்ணு. பதினாறு முடிஞ்சுது. பூமிக்குன்னு நீலம் எதுவும் மிச்சமில்ல. அஞ்சு சாம்பல்ல வெளிறினது ரெண்டையும் வெள்ளையும் வச்சே வரைஞ்சேன், பக்கத்துலயே ஆரஞ்சு விளக்கு இருக்கறதால அந்தச் சாம்பல் கண்ணுக்கு நல்ல நீலமா தெரியுது. கலர் பிக்கர் வச்சு பாத்தாதான் அது சாம்பல்னு தெரியும். நிலாவுல வெளிப்புறம் வேற பெரிய லாபம், வானத்துக்கு படிப்படியா மாறுற கலர் வேணாம், நிழலுக்கு தனி கலர் வேணாம், எல்லாமே அந்த ஒரு கருப்புதான்.

கலர் குறைக்குறத முதல்ல கிம்ப்ன்ற பட எடிட்டர் கிட்ட விட்டேன். இண்டெக்ஸ்டு மோடுல 16 கலர் பேலட்ட குடுத்து ஃப்ளாய்ட்-ஸ்டைன்பர்க் டிதரிங் (ரெண்டு கலர் புள்ளிகளை கலந்து வச்சு நடுக்கலர் மாதிரி காட்டுறது) போட்டா, சுவர் முழுக்க புழு நெளியற மாதிரி புள்ளிகள். ஃபோட்டோவுக்கு அது பரவால்ல, சும்மா இருக்கற சுவத்தைப் பாத்து கண்ணு அங்கயே நின்னுருது. பொசிஷன்டுன்ற இன்னொரு வகை டிதரிங் போட்டா கட்டம் ஒழுங்கா வருது, ஆனா எல்லா இடத்துலயும் ஒரே கட்டம், இரும்பும் துணியும் தோலும் ஒரே துணில தைச்ச மாதிரி. கடைசில டிதரிங்கையே ஆஃப் பண்ணிட்டு கையால போட்டேன். ரெண்டே ரெண்டு பேட்டர்ன், செஸ் போர்டு மாதிரி பாதிக்குப் பாதி, இன்னொண்ணு நாலு புள்ளிக்கு ஒண்ணு. இரும்புல டிதர் கிடையாது, பளிச்சுனு கலர் மாறும். சுவர்ல பெரிய பெரிய பட்டையா டிதர். துணில மட்டும் நாலுக்கு ஒண்ணு. பொருள் என்னன்னு கலர் சொல்லாதத புள்ளி சொல்லிருது. எல்லா பேட்டர்னும் படத்தோட ஒரே மூலைல இருந்து எண்ணி ஆரம்பிக்கணும், இல்லன்னா ரெண்டு பட்டை சேர்ற இடத்துல கறுப்பா ஒரு தையல் தெரியும், அத தேடிப் பிடிச்சு சரி பண்ணவே ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு.

வெயில் கட்டத்தோட ஓரத்துக்கு ஒரு குட்டிக் கணக்கு. காத்து இல்லாததால நிழல் பிளேடு வச்சு வெட்டுன மாதிரி இருக்கும்னு நினைச்சு ஒரே கோடா வரைஞ்சிருந்தேன். ஆனா சூரியன் அங்கயும் அரை டிகிரி அகலம்தான், வெயில் உள்ள வர்ற ஜன்னல்ல இருந்து சுவர் ரெண்டு மீட்டர்னா ஓரம் சுமாரா ரெண்டு சென்டிமீட்டர் மங்கணும், என் படத்துல அது ரெண்டு பிக்சல். ரெண்டு வரிசை செஸ் போர்டு புள்ளி வச்சேன். வச்சதும் அது பேப்பர் ஒட்டுன மாதிரி இல்லாம வெயிலா மாறிருச்சு. இத்தனை வேலைல எனக்கு ரொம்ப பிடிச்ச ரெண்டு பிக்சல் அதான்.

இன்னொரு இம்சை, கிரிட்டால தெரியாம ஓரம் மங்கலா வர்ற பிரஷ் ஒண்ணு எடுத்துட்டா ஓரத்துல எல்லாம் இடைக்கலர் ஏறிரும், கண்ணுக்கே தெரியாது. கிம்ப்ல கலர்கியூப் அனாலிசிஸ்னு ஒண்ணு இருக்கு, படத்துல எத்தனை கலர்னு எண்ணிச் சொல்லும். பதினாறுன்னு நினைச்ச படத்துல இருநூறுக்கு மேல காட்டுச்சு. அதுல இருந்து சேவ் பண்றதுக்கு முன்னாடி எல்லாம் ஒரு தடவை எண்ணிப் பாத்துடறது.

மேஜை மேல என்ன வைக்கிறது? இங்கதான் முதல் படம் தோத்துச்சு, அதுல இருந்ததெல்லாம் "ஃபியூச்சர்" சாமான், மிதக்குற திரை, பெயர் தெரியாத மெஷின். யாரும் தொட்ட மாதிரி இல்ல. இந்தத் தடவை, அந்த ரூம்ல மூணு ஷிஃப்ட் ஆளுங்க மாறி மாறி உக்காருவாங்கன்னு வச்சு யோசிச்சேன். சுவிட்ச் வரிசைக்கு கீழ வெள்ளை டேப்ல கையெழுத்து லேபிள், அதுல ஒண்ணு மட்டும் கிழிச்சு ஒட்டி மேல வேற கையெழுத்து. மூடி தனியா காயுற டிபன் பாக்ஸ். நாற்காலி கைப்பிடில சுத்துன துணி. ஒரு சுவிட்ச் மேல பிளாஸ்டிக் மூடி, அந்த மூடிக்கு மேல இன்னொரு டேப், அதுல ஏதோ எழுதியிருக்கு, நிழல்ல இருக்கறதால படிக்க முடியாது. டெக்ஸ்ட்ல இது எதைப் பத்தியும் ஒரு வரி கிடையாது. தொங்குற கேபிள்ல ஒரு சின்ன விஷயம், தளதளன்னு இருக்கற கயிறு எந்த ஈர்ப்புலயும் ஒரே வளைவுலதான் தொங்கும், ஆனா விறைப்பான தடி கேபிள் ஆறுல ஒரு பங்கு ஈர்ப்புல அவ்ளோ தொங்காது. ரேக்குக்கு பின்னாடி போற தடி கேபிள்களை கொஞ்சம் தூக்கி வரைஞ்சேன். யாரும் கவனிக்கல, பரவால்ல.

படம் முடிஞ்சதும் கை அரிச்சுது, கொஞ்சம் உயிர் குடுக்கலாமேன்னு. ரென்பைல அசைவு குடுக்கறது ரொம்ப சுலபம், அதுதான் ஆபத்து. மெல்ல ஜூம் ஆகுறது, வெயில்ல தூசி மிதக்குறது, மானிட்டர் மினுக்குறது எல்லாம் போட்டேன். ஜூம் போட்ட உடனே டிதர் புள்ளியெல்லாம் கொதிக்க ஆரம்பிச்சுது, எடுத்துட்டேன். தூசி இருந்தா கண்ணு தூசி பின்னாடியே போகுது, டிபன் பாக்ஸ யாரு பாப்பா. கடைசியா ஒரே ஒரு சிவப்பு எல்இடி, மூணு பிக்சல், நாலு செகண்டுக்கு ஒரு தடவை மினுக்கட்டும்னு விட்டேன், அதுவும் படிக்கவிடாம ஓரக்கண்ணுல குத்திட்டே இருந்துச்சு. எல்லாத்தையும் தூக்கிட்டேன். அசையற ஒண்ணு படத்துல இருந்தா மத்ததெல்லாம் சும்மா பின்னணி ஆயிருது. ஒண்ணுமே அசையலன்னாதான் எல்லாத்துக்கும் ஒரே மரியாதை.

ஆனா நேரம் போறது தெரியணுமே. நிலாவுல ஒரு பகல்-ராத்திரி சுத்து நம்ம கணக்குல 29 நாளைக்கு மேல, சூரியன் ஒரு மணி நேரத்துக்கு அரை டிகிரிதான் நகரும். எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு நாலு டிகிரி. ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கற சுவர்ல வெயில் கட்டம் சுமாரா 14 செமீ நகரணும், மூணு மீட்டர் தூரத்துல இருந்து பாக்குற என் படத்துல அது 18 பிக்சல். அஞ்சு படமா பிரிச்சேன், ஒவ்வொண்ணுலயும் கட்டம் 4 இல்லன்னா 5 பிக்சல் இடது பக்கம் நகர்ந்திருக்கும். தென் துருவத்துல சூரியன் வலது பக்கத்துல இருந்து இடது பக்கம் போகும், சுவர்ல விழற வெயிலும் அப்படியே. இதுக்கு ஷூ பெட்டி திரும்ப வெளிய வந்துச்சு, டார்ச்ச ஸ்டூல் மேல கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி ரேக்குல மடங்குற இடத்தை அஞ்சு ஃபோட்டோ.

பன்னெண்டு டெக்ஸ்ட் பாக்ஸுக்கு ஒரு தடவை படம் மாறும். எப்படி மாத்துறதுன்னு ஒரு குழப்பம். டிஸால்வ், அதாவது ஒரு படம் கரைஞ்சு அடுத்தது வர்ற மாதிரி போட்டா நடுவுல பேலட்ல இல்லாத கலரெல்லாம் வந்து போகுது, அந்த அரை செகண்டு வேற ஏதோ கேம் மாதிரி இருக்கு. ஒண்ணுமே போடாம கிளிக் பண்ற அதே நொடில டக்குனு மாத்திப் பாத்தேன், பளிச்சுனு தெரியும்னு பயந்தேன், தெரியல. கிளிக் பண்றப்ப கண்ணு கீழ டெக்ஸ்ட்ல இருக்கு, அடுத்த வரி படிச்சுட்டு மேல வரும்போது படம் ஏற்கனவே மாறி இருக்கு. நாலாவது படத்துல வெயில் டிபன் பாக்ஸ தொடும். அஞ்சாவதுல சுவிட்ச் மூடி மேல இருக்கற டேப் மேல விழும், அப்பதான் அதுல எழுதினது படிக்க வரும்.

சித்தி பையனையே திரும்ப உக்கார வச்சேன். இந்தத் தடவை ஒவ்வொரு கிளிக்குக்கும் நேரம் பதிவாகற மாதிரி நாலு வரி பைதான் சேர்த்திருந்தேன், அவன் கிட்ட சொல்லல. ஆரம்பத்துல வேகம் பழைய மாதிரிதான். நடுவுல இருந்து வரிக்கு வரி நேரம் கூடிட்டே போகுது, சின்ன வரிகள்ல கூட நின்னிருக்கான். நாப்பதாவது பாக்ஸ் பக்கத்துல திரும்பி, "அண்ணே, அந்த வெளிச்சம் நகருதா, இல்ல எனக்குத்தான் கண்ணு போச்சா?"ன்னான். படிச்ச வரிகளுக்கு ரோல்பேக் பண்ணி பின்னாடி போய் சரி பாத்தான். அதுக்கப்புறம் கதைய விட்டுட்டு படத்துல எதாவது மாறுதான்னு துழாவ ஆரம்பிச்சுட்டான், "வெளிய அந்த வெள்ளைப் புள்ளி பூமியா?"ன்னு அப்பதான் கேக்குறான். 13 பிக்சலுக்கு அவ்ளோ நேரம் ஆகியிருக்கு. டேப்ல எழுதினத படிச்சதும் ஆரம்பத்துல இருந்து திரும்ப ஓட்டினான். என்ன எழுதியிருக்குன்னு இங்க சொல்ல மாட்டேன், கேம் வரட்டும்.

வெளியூர்ல இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு மெசேஜ்ல படத்தை அனுப்பினேன், "என்ன மச்சான் மங்கலா இருக்கு"ன்னான். ஃபோட்டோவா அனுப்புனா ஆப் அத ஜேபிஜி ஆக்கி அமுக்கிருது, டிதர் புள்ளி எல்லாம் கஞ்சியாயிரும். டாகுமெண்டா அனுப்பணும். படம் என்னமோ பிஎன்ஜில இருபது கேபி கூட இல்ல, அதைப் போய் அமுக்கி இன்னும் பெருசாக்கி அனுப்பியிருக்கு.

எழுத்து விஷயம் சுருக்கமா. படத்துக்கு ஏத்த மாதிரி தமிழ் எழுத்தையும் 16 புள்ளி உயரத்துல பிக்சலா செய்யலாம்னு ஆரம்பிச்சு, ண, ஞ, ணை வரைக்கும் வந்து கைய தூக்கிட்டேன். உயரம் பத்துது, அகலம் பத்தல, எழுத்துக்கு எழுத்து அகலம் வேற வேற. சாதாரண யூனிகோட் ஃபான்ட்டையே பெரிய அளவுல போட்டுட்டேன், சட்டத்துக்கு வெளிய இருக்கறதால உறுத்தல. பழைய ரென்பை வெர்ஷன்ல கொம்பும் காலும் இடம் மாறி உக்காரும், "கொ"ன்னு அடிச்சா கொம்பு எங்கயோ போய் நிக்கும், இப்ப உள்ளதுல ஒழுங்கா வருது. பழைய டுடோரியல் பாத்து பழைய வெர்ஷன் இறக்கிடாதீங்க.

செலவுன்னு பாத்தா பெருசா இல்ல. பேனா டேப்லெட் செகண்ட்ஸ்ல 2800 ரூபா, சார்ட் பேப்பர், தெர்மாகோல், ஃபெவிகால் எல்லாம் சேத்து நூத்துக்குள்ள, ரென்பை, கிரிட்டா, கிம்ப் மூணும் இலவசம். நிஜத்துல இந்தப் படத்துக்கு டேப்லெட் கூட அவ்ளோ தேவைப்படல, கடைசி பாதி முழுக்க மவுஸ்லதான் புள்ளி வச்சேன், கை நடுக்கம் இல்லாம ஒரு புள்ளிய ஒரு புள்ளியா வைக்க மவுஸ்தான் சௌகரியம்.

அடுத்த படத்துக்கு மாத்தப்போறது சிலது. டெக்ஸ்ட்ட முழுசா எழுதி முடிச்சுட்டுதான் வரைய உக்காரணும், இந்தத் தடவை படம் முடிஞ்சப்புறம் வசனம் மாறி, ஒரு கேபிளை அஞ்சு படத்துலயும் அழிச்சு வரைய வேண்டியதாச்சு. பேலட்ட 16ம் நிரப்பிட்டு ஆரம்பிக்காம 12ல நின்னு நாலை கையில வச்சுக்கணும். பெட்டி மாடல் முதல்ல, ஸ்கெட்ச் அப்புறம். நகர்ற வெளிச்சத்தை தனி லேயரா வச்சு, வெளிச்சம் பட்ட கலர் படாத கலர்னு ரெண்டு முழு படம் வரைஞ்சு எந்த இடத்துல எது தெரியணும்னு சொல்ற மாஸ்க்க மட்டும் நடுவுல நகர்த்தினா அஞ்சு படம் தனித்தனியா திருத்த வேண்டாம், இது பாதி வேலைக்கு அப்புறம்தான் மண்டைல உறைச்சுது. அப்புறம் கை. டெக்னீஷியன் பொண்ணோட கை மேஜை மேல இருக்கு, மாநிற தோலுக்கு ரெண்டே கலர்ல விளக்கு பட்ட பக்கமும் வெயில் பட்ட பக்கமும் காட்ட முடியல, பழுப்புல ஒண்ண கடன் வாங்கி ஒப்பேத்தியிருக்கேன், விரல் நடுவுல எல்லாம் மரக்கட்டை மாதிரி இருக்கு. அடுத்த சீன்ல முகம் வருது, அதுக்கு மானிட்டர் பச்சை ரெண்டுல ஒண்ண பிடுங்கி தோலுக்கு மூணாவது குடுத்துப் பாக்கப்போறேன்.